வைமார் குடியரசின் வீழ்ச்சி

வைமார் குடியரசின் வீழ்ச்சி என்பது, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் நிறுவப்பட்ட நாடாளுமன்ற மக்களாட்சி 1930 ஆம் ஆண்டுக்கும் 1934 ஆம் ஆண்டுக்கும் இடையில் படிப்படியாகச் சிதைந்து, அடால்ஃப் ஹிட்லர் தலைமையிலான நாட்சிக் கட்சியின் ஒரு கட்சிச் சர்வாதிகாரமாக மாறிய நிகழ்வுத் தொடரைக் குறிக்கும். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மக்களாட்சி வீழ்ந்து சர்வாதிகாரம் தோன்றியது. அவற்றுள் விளைவுகளின் அளவால் மிகக் கொடியதாக அமைந்தது ஜெர்மனியில் நிகழ்ந்த மாற்றமே ஆகும்.

ஹிட்லர் தேர்தலில் பெரும்பான்மை பெற்று ஆட்சிக்கு வந்தார் என்று ஒரு சாராரும், ஆயுதப் புரட்சியின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றினார் என்று மற்றொரு சாராரும் கருதுவதுண்டு. இவ்விரண்டும் சரியல்ல. கட்டுப்பாடற்ற தேர்தல் எதிலும் நாட்சிக் கட்சி பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றதில்லை. அக்கட்சி 1923 இல் முயன்ற ஆயுதக் கிளர்ச்சியும் ஒரே நாளில் தோல்வியுற்றது. குடியரசுத் தலைவரின் நியமனம், அவசரச் சட்டம், நாடாளுமன்ற வாக்கெடுப்பு என ஒவ்வொன்றும் சட்டத்தின் தோற்றம் கொண்ட படிகளின் வழியாகவே அது முழு அதிகாரத்தை அடைந்தது. ஒவ்வொரு படியிலும் அதைத் தடுக்கும் அதிகாரம் வேறு யாரோ ஒருவரிடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

1918 நவம்பரில் ஜெர்மனி போரில் தோல்வியடையும் நிலையில் பேரரசர் இரண்டாம் வில்லியம் முடி துறந்து நெதர்லாந்துக்குச் சென்றார். நவம்பர் 9 ஆம் நாள் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1919 பெப்ரவரியில் புதிய அரசியலமைப்பை வகுப்பதற்கான தேசிய மன்றம், கலவரம் நிலவிய பெர்லினைத் தவிர்த்து, வைமார் என்ற சிறு நகரில் கூடியது. அந்நகரின் பெயராலேயே அரசியலமைப்பும் குடியரசும் பின்னர் அழைக்கப்பட்டன. சமூக சனநாயகக் கட்சியைச் சேர்ந்த பிரீட்ரிக் எபர்ட் முதல் குடியரசுத் தலைவரானார்.

1919 ஜூன் 28 இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின்படி ஜெர்மனி தன் ஐரோப்பிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காட்டையும் குடியேற்ற நாடுகள் அனைத்தையும் இழந்தது. அதன் தரைப்படை 1,00,000 பேருக்கு மேற்படக் கூடாது என வரையறுக்கப்பட்டது. 1921 இல் போர் இழப்பீடாக 132 பில்லியன் தங்க மார்க் விதிக்கப்பட்டது. போர் நிறுத்தத்தைக் கோரியது படைத்தலைமையே ஆயினும், அதில் கையெழுத்திட்டவர்கள் குடியரசின் அரசியல்வாதிகள். இதைப் பயன்படுத்தி, படை போர்க்களத்தில் தோற்கவில்லை, உள்நாட்டினரால் முதுகில் குத்தப்பட்டது என்ற கதை வலதுசாரிகளால் பரப்பப்பட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான படைத்தளபதி பால் வொன் ஹின்டன்பர்க்கும் 1919 இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் இக்கருத்தையே கூறினார்.

வைமார் அரசியலமைப்பு

1919 ஆகஸ்டு 11 இல் கையெழுத்தான வைமார் அரசியலமைப்பு அக்காலத்தின் முற்போக்கான அரசியலமைப்புகளுள் ஒன்றாகும். 20 வயது நிரம்பிய ஆண்கள், பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ரைக்ஸ்டாக் எனப்பட்ட நாடாளுமன்றம் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒவ்வொரு 60,000 வாக்குகளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. இதனால் வாக்குகள் வீணாகவில்லை எனினும், பல சிறு கட்சிகள் அவைக்குள் நுழைந்தன. கூட்டணி இன்றி அரசு அமைப்பது இயலாத செயலாயிற்று.

மக்களால் நேரடியாக ஏழு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவருக்கு விரிவான அதிகாரங்கள் இருந்தன. அவற்றுள் பின்வரும் மூன்றும் குடியரசின் வீழ்ச்சியில் முதன்மையான பங்கு வகித்தன.

* 25 ஆம் பிரிவு: குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 60 நாட்களுக்குள் புதிய தேர்தல் நடத்தப்பட வேண்டும்.
* 48 ஆம் பிரிவு: பொது அமைதிக்குக் கடும் ஊறு ஏற்படும்போது அவர் அவசர நடவடிக்கைகளை எடுக்கலாம், படையைப் பயன்படுத்தலாம், அடிப்படை உரிமைகளுள் ஏழினைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். நாடாளுமன்றம் கோரினால் இந்நடவடிக்கைகளைத் திரும்பப் பெற வேண்டும்.
* 53 ஆம் பிரிவு: சான்சலர் எனப்படும் தலைமை அமைச்சரை அவரே நியமிக்கலாம், நீக்கலாம்.

தனித்தனியாக நோக்கினால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை இருந்தது. அவசரச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கலாம். நம்பிக்கையிழந்த சான்சலர் பதவி விலக வேண்டும். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இத்தடைகள் பயனற்றுப் போயின. அவசரச் சட்டத்தை நீக்கிய நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, அவை இல்லாத இடைவெளியில் அதே சட்டத்தை மீண்டும் பிறப்பிக்க முடிந்தது. 1930 இல் இதுவே நடந்தது.

தொடக்ககால நெருக்கடிகள்

1920 மார்ச்சில் வலதுசாரிப் படைப்பிரிவுகள் பெர்லினைக் கைப்பற்றின. கப் கிளர்ச்சி எனப்படும் இது தொழிலாளரின் பொது வேலைநிறுத்தத்தால் சில நாட்களில் முறியடிக்கப்பட்டது. 1923 ஜனவரியில் இழப்பீடு செலுத்தத் தவறியதைக் காரணம் காட்டி பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியில் படைகளை நிறுத்தின. அங்கு அரசின் ஆதரவுடன் நடந்த ஒத்துழையாமைக்குப் பணம் அச்சிட்டே ஊதியம் வழங்கப்பட்டது. ஏற்கெனவே உயர்ந்துவந்த பணவீக்கம் இதனால் கட்டுக்கடங்காமல் போயிற்று. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு 4.2 இலட்சம் கோடி மார்க் ஆக இருந்தது. நடுத்தர வகுப்பினரின் வாழ்நாள் சேமிப்பு அழிந்தது.

அதே நவம்பர் 8, 9 நாட்களில் ஹிட்லர் மியூனிக் நகரில் ஆயுதக் கிளர்ச்சியில் ஈடுபட்டார். காவல்துறையினர் சுட்டதில் கிளர்ச்சி கலைந்தது. தேசத்துரோகக் குற்றத்துக்காக அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் தீர்ப்புக்குப் பின் ஒன்பது மாதங்களுக்குள், 1924 டிசம்பரில், அவர் விடுவிக்கப்பட்டார். வலதுசாரிக் குற்றவாளிகளிடம் நீதித்துறை காட்டிய மென்மைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

சிறையிலிருந்து வெளிவந்த ஹிட்லர் தம் வழிமுறையை மாற்றிக் கொண்டார். ஆயுதத்தால் அரசை வீழ்த்துவதற்கு மாறாக, தேர்தல்களில் பங்கேற்று, அரசியலமைப்பின் வாயில் வழியாகவே உள்ளே நுழைந்து அதை ஒழிப்பது என முடிவு செய்தார். இந்நோக்கம் மறைக்கப்படவும் இல்லை. 1930 செப்டம்பரில் லைப்சிக் உச்ச நீதிமன்றத்தில் சாட்சியளித்தபோது, தம் கட்சி சட்ட வழியிலேயே அதிகாரத்துக்கு வரும் என்றும், வந்தபின் அரசைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் என்றும் ஹிட்லர் கூறினார்.

1924 முதல் 1929 வரை குடியரசு ஓரளவு நிலைபெற்றது. புதிய நாணயம், வெளிநாட்டுக் கடன்கள், 1926 இல் உலக நாடுகள் சங்கத்தில் சேர்ந்தமை ஆகியன இதற்கு உதவின. 1928 மே மாதத் தேர்தலில் நாட்சிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்குகளும் 12 இடங்களும் மட்டுமே.

பொருளாதாரப் பெருமந்தம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து அமெரிக்கக் கடன்கள் திரும்பப் பெறப்பட்டன. அக்கடன்களைச் சார்ந்திருந்த ஜெர்மனியின் பொருளாதாரம் பெரிதும் பாதிக்கப்பட்டது. 1932 இன் தொடக்கத்தில் பதிவு பெற்ற வேலையற்றோர் எண்ணிக்கை 60 இலட்சத்தைத் தாண்டியது.

1930 மார்ச் 27 இல் சமூக சனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் தலைமையிலான கூட்டணி அரசு பதவி விலகியது. வேலையற்றோர் காப்பீட்டுக்கான பங்களிப்பை உயர்த்துவது குறித்துக் கூட்டணிக் கட்சிகளிடையே உடன்பாடு ஏற்படாததே இதற்குக் காரணம். நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு ஆண்ட கடைசி அரசு இதுவே ஆகும்.

அவசரச் சட்ட ஆட்சி

முல்லருக்குப் பின் மையக் கட்சியைச் சேர்ந்த ஹைன்ரிக் புரூனிங்கை, 1925 முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஹின்டன்பர்க் சான்சலராக நியமித்தார். 1930 ஜூலையில் புரூனிங்கின் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அது அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றம் 236-க்கு 222 என்ற வாக்குகளால் அச்சட்டத்தை நீக்கியது. உடனே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, சட்டம் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது.

1930 இல் நாடாளுமன்றம் 98 சட்டங்களை இயற்றியது. அவ்வாண்டு பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டங்கள் 5. 1931 இல் நாடாளுமன்றச் சட்டங்கள் 34 ஆகக் குறைந்தன. அவசரச் சட்டங்கள் 44 ஆக உயர்ந்தன. 1932 இல் நாடாளுமன்றம் இயற்றியவை ஐந்து மட்டுமே. அவசரச் சட்டங்கள் 60 அல்லது அதற்கும் மேல். ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முன்னரே நாடாளுமன்றம் ஆட்சியின் மையமாக இருப்பது நின்றுபோயிருந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஊதியக் குறைப்பு, வரி உயர்வு, உதவித்தொகைக் குறைப்பு ஆகியவற்றைக் கொண்ட புரூனிங்கின் சிக்கனக் கொள்கை வேலையின்மையை மேலும் கூட்டியது. எனினும் புரூனிங் வீழ்ந்தால் ஹிட்லர் வருவார் என அஞ்சிய சமூக சனநாயகக் கட்சி, அவரது அவசரச் சட்டங்களை எதிர்க்காமல் பொறுத்துக் கொண்டது.

தேர்தல் முடிவுகள்

நாட்சிக் கட்சி நாடாளுமன்றத் தேர்தல்களில் பெற்ற வாக்குகளும் இடங்களும் பின்வருமாறு:

* 1928 மே: 2.6 விழுக்காடு, 12 இடங்கள்
* 1930 செப்டம்பர்: 18.3 விழுக்காடு, 107 இடங்கள்
* 1932 ஜூலை: 37.3 விழுக்காடு, 230 இடங்கள்
* 1932 நவம்பர்: 33.1 விழுக்காடு, 196 இடங்கள்
* 1933 மார்ச்: 43.9 விழுக்காடு, 288 இடங்கள்

இவற்றுள் கடைசித் தேர்தல் ஹிட்லர் சான்சலரான பின், எதிர்க்கட்சியினர் கைது செய்யப்பட்டுவந்த நிலையில் நடந்ததாகும். அதிலும் அக்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை.

நாட்சிக் கட்சியின் ஆதரவு வடக்கு, கிழக்குப் பகுதிகளின் புரோட்டஸ்டண்ட் சிற்றூர்களிலும் நடுத்தர வகுப்பினரிடையேயும் மிகுதியாக இருந்தது. கத்தோலிக்கர் பெரும்பாலும் மையக் கட்சியையே ஆதரித்தனர். வேலையிழந்தோர் அனைவரும் நாட்சிகளுக்கு வாக்களித்தனர் என்பதும் சரியன்று. வேலையற்ற தொழிலாளருள் பலர் பொதுவுடைமைக் கட்சிக்கே வாக்களித்தனர்.

1932 ஏப்ரலில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 84 வயதான ஹின்டன்பர்க் 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்று ஹிட்லரைத் தோற்கடித்தார். ஹிட்லர் பெற்றவை 36.8 விழுக்காடு. முடியாட்சியில் பற்றுள்ள முதிய தளபதியான ஹின்டன்பர்க்குக்கு, ஹிட்லரைத் தடுக்கும் பொருட்டு சமூக சனநாயகக் கட்சியினரும் மையக் கட்சியினரும் வாக்களித்தனர். பத்து மாதங்களுக்குள் அவரே ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார்.

எதிர்க்கட்சிகளின் பிளவு

1932 நவம்பர் தேர்தலில் சமூக சனநாயகக் கட்சி 121 இடங்களையும் பொதுவுடைமைக் கட்சி 100 இடங்களையும் பெற்றன. இரண்டும் சேர்ந்தால் நாட்சிக் கட்சியின் 196 இடங்களை விட மிகுதி. ஆனால் இவை ஒருபோதும் இணைந்து செயல்படவில்லை. 1919 இல் சமூக சனநாயக அரசு இடதுசாரிக் கிளர்ச்சியை ஒடுக்கியதும், ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்னெக்ட் ஆகியோர் கொல்லப்பட்டதும் ஆறாத பகையை விட்டுச் சென்றிருந்தன. மேலும், மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுவுடைமை அனைத்துலகம், 1928 க்குப் பின் சமூக சனநாயகத்தைப் பாசிசத்தின் மற்றொரு வடிவம் எனக் கருதி அதையே முதன்மை எதிரியாக அறிவித்தது. சமூக சனநாயகக் கட்சியும் பொதுவுடைமையினரை நாட்சிகளுக்கு ஒப்பான குடியரசின் எதிரிகளாகவே நோக்கியது.

பிரஷ்ய அரசின் நீக்கம்

1932 மே 30 இல் ஹின்டன்பர்க்கின் ஆதரவை இழந்த புரூனிங் பதவி விலகினார். அடுத்துச் சான்சலரான பிரான்ஸ் வொன் பாப்பனுக்கு நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ ஆதரவே இல்லை. அவர் நாட்சிகளின் துணைப்படையான புயற்படை மீது இருந்த தடையை நீக்கினார். தெருச் சண்டைகள் பெருகின. ஜூலை 17 இல் ஆல்டோனா நகரில் நடந்த மோதலில் 18 பேர் இறந்தனர். இதைக் காரணம் காட்டி ஜூலை 20 இல் பாப்பன் 48 ஆம் பிரிவின் கீழ் பிரஷ்ய மாநில அரசை நீக்கி, தாமே அதன் ஆணையரானார்.

நாட்டின் நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் பாதிக்கு மேல் கொண்டது பிரஷ்யா. அங்கு சமூக சனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன் தலைமையிலான அரசு நாட்டின் மிகப் பெரிய காவல்படையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. நீக்கத்தை எதிர்த்து ஆயுத மோதலோ பொது வேலைநிறுத்தமோ நடைபெறவில்லை. இலட்சக்கணக்கானோர் வேலையற்றிருந்த நிலையில் 1920 போன்ற வேலைநிறுத்தம் வெற்றி பெறாது எனக் கருதிய பிரஷ்ய அரசு நீதிமன்றத்தை நாடியது. அக்டோபரில் வந்த தீர்ப்பு பிரஷ்ய அரசின் உரிமையை ஓரளவு ஏற்றாலும், நடைமுறையில் அதிகாரம் திரும்பக் கிடைக்கவில்லை. 1933 இல் நாட்சிகள் கைப்பற்றுவதற்கு ஏற்ற நிலையில் பிரஷ்யக் காவல்துறை மைய அரசின் பிடியில் இருந்தது.

ஹிட்லர் சான்சலராதல்

1932 நவம்பர் தேர்தலில் நாட்சிக் கட்சி ஜூலையில் பெற்றதைவிட ஏறத்தாழ 20 இலட்சம் வாக்குகளை இழந்தது. கட்சி நிதி நெருக்கடியில் இருந்தது. அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான கிரிகோர் ஸ்ட்ராசர் டிசம்பரில் கட்சிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். நாட்சிகளின் வளர்ச்சி முடிந்துவிட்டது என அக்காலத்து நோக்கர் பலர் கருதினர்.

டிசம்பரில் சான்சலரான படைத்தளபதி கூர்ட் வொன் ஷ்லைகரைப் பழிவாங்க விரும்பிய பாப்பன், 1933 ஜனவரி 4 இல் கொலோன் நகரில் வங்கியாளர் ஒருவரின் இல்லத்தில் ஹிட்லரை இரகசியமாகச் சந்தித்தார். ஷ்லைகர், நாடாளுமன்றத்தைக் கலைத்து 60 நாள் வரம்பைக் கடந்து தேர்தலைத் தள்ளிவைக்க ஹின்டன்பர்க்கிடம் அனுமதி கோரினார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்பதால் ஹின்டன்பர்க் மறுத்தார். ஷ்லைகர் ஜனவரி 28 இல் பதவி விலகினார். ஜனவரி 30 ஆம் நாள் ஹிட்லர் சான்சலராகப் பதவியேற்றார்.

புதிய அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாட்சிகள் மூவர் மட்டுமே இருந்தனர். மற்ற இருவர் வில்ஹெல்ம் பிரிக், ஹெர்மன் கோரிங் ஆவர். துணைச் சான்சலராகப் பாப்பனும், பொருளாதார அமைச்சராகத் தேசிய மக்கள் கட்சித் தலைவர் ஆல்பிரட் ஹூகன்பர்க்கும் இருந்தனர். பழமைவாத அமைச்சர்கள் சூழ்ந்திருக்க, ஹிட்லரைத் தம் விருப்பப்படி இயக்கலாம் என இவர்கள் நம்பினர். ஆனால் பிரிக்கிடம் உள்துறையும் கோரிங்கிடம் பிரஷ்யாவின் உள்துறையும் இருந்தன. மூன்று பதவிகளே ஆயினும் அவை காவல்துறையைக் கட்டுப்படுத்தும் பதவிகள். பெப்ரவரியில் கோரிங் ஏறத்தாழ 50,000 பேரைத் துணைக் காவலராக நியமித்தார். அவர்களுள் பெரும்பாலோர் புயற்படையினர்.

ரைக்ஸ்டாக் தீ அவசரச் சட்டம்

1933 பெப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மாரினஸ் வான் டெர் லுப்பே என்ற 24 வயது டச்சு இளைஞர் அங்கேயே கைது செய்யப்பட்டார். இது பொதுவுடைமையினரின் புரட்சிக்கான அடையாளம் என அரசு அறிவித்தது. பின்னர் நடந்த விசாரணையில் வான் டெர் லுப்பேயுடன் குற்றஞ்சாட்டப்பட்ட பொதுவுடைமையினர் நால்வரும் விடுதலை செய்யப்பட்டனர். வான் டெர் லுப்பேக்கு, தீ வைப்பு நிகழ்ந்த பின் இயற்றப்பட்டு முன்தேதியிட்டுச் செயற்படுத்தப்பட்ட சட்டத்தின் கீழ், 1934 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அத்தீர்ப்பு செல்லாது என 2008 ஜனவரியில் ஜெர்மானியக் கூட்டாட்சி வழக்குத்தொடுநர் அலுவலகம் அறிவித்தது. அவர் தனியாகச் செயல்பட்டாரா என்பது வரலாற்றாய்வாளர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தனியாகவே செயல்பட்டார் என்பது பெரும்பாலோர் கருத்தாகும்.

தீயை யார் வைத்தார் என்பதைவிட, மறுநாள் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமே முதன்மையானது. தனிமனித விடுதலை, கருத்துரிமை, செய்தித்தாள் உரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, கடிதம் மற்றும் தொலைபேசி மறைகாப்பு, வீட்டின் பாதுகாப்பு, சொத்துரிமை ஆகியன மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்பட்டன. அம்மறு அறிவிப்பு 1945 வரை வரவேயில்லை. நீதிமன்ற ஆணையின்றி எவரையும் காலவரையின்றிச் சிறை வைக்க இச்சட்டமே அடிப்படையாயிற்று. ஆயிரக்கணக்கான பொதுவுடைமையினர் கைது செய்யப்பட்டனர். மார்ச் 3 இல் கைதான அக்கட்சித் தலைவர் எர்ன்ஸ்ட் டெல்மான் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 1944 ஆகஸ்டில் பூகன்வால்ட் வதைமுகாமில் கொல்லப்பட்டார். முதல் நிலையான வதைமுகாம் 1933 மார்ச் 22 இல் டாக்கௌவில் திறக்கப்பட்டது.

அதிகாரமளிப்புச் சட்டம்

மார்ச் 5 தேர்தலுக்குப் பின், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அமைச்சரவையே சட்டம் இயற்றவும், அச்சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணாக இருக்கவும் வழிவகுக்கும் ஐந்து பிரிவுகள் கொண்ட சட்ட முன்வரைவை ஹிட்லர் கொண்டு வந்தார். இவ்வகைச் சட்டம் முற்றிலும் புதியதன்று. 1923 நெருக்கடியின்போதும் குறுகிய காலத்துக்கு அதிகாரமளிப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. இம்முறை கோரப்பட்ட காலம் நான்கு ஆண்டுகள்.

அரசியலமைப்புத் திருத்தம் என்பதால், உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் அவையில் இருக்கவும், இருப்பவருள் மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்கவும் வேண்டியிருந்தது. இதற்காகப் பொதுவுடைமைக் கட்சியின் 81 இடங்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை. காரணமின்றி வராத உறுப்பினரை வந்தவராகவே கருதும் வகையில் அவை விதிகள் திருத்தப்பட்டன. சமூக சனநாயகக் கட்சியின் 120 உறுப்பினருள் 26 பேர் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தனர்.

மார்ச் 23 இல் நாடாளுமன்றம் குரோல் இசை நாடக அரங்கில் கூடியது. அரங்கின் உள்ளும் புறமும் சீருடையணிந்த புயற்படையினர் நின்றனர். வாக்களித்தோர் 538 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கு 359 ஆகும். நாட்சிக் கட்சியும் தேசிய மக்கள் கட்சியும் சேர்ந்தாலும் மொத்த இடங்கள் 340 மட்டுமே. எனவே முடிவு மையக் கட்சியின் கையில் இருந்தது. அதன் தலைவர் லுட்விக் காஸ் என்ற கத்தோலிக்கக் குருவுக்கு, திருச்சபையின் உரிமைகள் குறித்து ஹிட்லர் வாக்குறுதி அளித்தார். அவ்வாக்குறுதிகளை எழுத்தில் தருவதாகச் சொல்லப்பட்ட கடிதம் வரவில்லை. புரூனிங் உள்ளிட்ட சிலர் கட்சிக்குள் எதிர்த்தபோதும், கடைசியில் மையக் கட்சியினர் அனைவரும் ஆதரித்து வாக்களித்தனர். பின்னாளில் 1949 இல் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடர் ஹொய்ஸும், தம் சிறு கட்சியின் முடிவுக்கிணங்க ஆதரித்து வாக்களித்தவருள் ஒருவர்.

எதிர்த்துப் பேசிய ஒரே கட்சித் தலைவர் சமூக சனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் ஆவார். மனிதநேயம், நீதி, விடுதலை ஆகிய கொள்கைகளைத் தம் கட்சி கைவிடாது எனவும், துன்புறுத்தப்படுவோருக்கு வாழ்த்துத் தெரிவிப்பதாகவும் அவர் பேசினார். அவையில் இருந்த அக்கட்சியின் 94 உறுப்பினரும் எதிர்த்து வாக்களித்தனர். 444-க்கு 94 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. பின்னர் இது 1937, 1939, 1943 ஆகிய ஆண்டுகளில் நீட்டிக்கப்பட்டது. வெல்ஸ் நாட்டை விட்டு வெளியேறி, 1939 இல் பாரிசில் காலமானார்.

முழு ஆதிக்கத்தை நோக்கி

நாட்டின் எல்லா அமைப்புகளையும் கட்சியின் கீழ்க் கொண்டுவரும் நடவடிக்கைகள் அதன்பின் விரைந்து நடைபெற்றன.

* 1933 ஏப்ரல் 7: யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம்
* மே 2: தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன
* மே 10: பெர்லினிலும் பிற பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்கள் எரிக்கப்பட்டன
* ஜூன் 22: சமூக சனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது
* ஜூலை 5: மையக் கட்சி தன்னைத் தானே கலைத்துக் கொண்டது
* ஜூலை 14: நாட்சிக் கட்சி தவிர வேறு கட்சி எதுவும் கூடாது என்ற சட்டம்
* 1934 ஜனவரி 30: மாநில சட்டமன்றங்கள் ஒழிக்கப்பட்டன

1934 ஜூன் 30 இலும் அடுத்த இரு நாட்களிலும் புயற்படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம், முன்னாள் சான்சலர் ஷ்லைகர், கிரிகோர் ஸ்ட்ராசர் உள்ளிட்ட பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். பெயர் தெரிந்தோர் மட்டும் ஏறத்தாழ 90 பேர். ஜூலை 3 இல் அமைச்சரவை இயற்றிய ஒரு சட்டம் இக்கொலைகளை அரசின் தற்காப்பு எனக் கூறிச் சட்டப்படியானவையாக்கியது. ஆகஸ்டு 2 இல் ஹின்டன்பர்க் இறந்தார். குடியரசுத் தலைவர், சான்சலர் ஆகிய இரு பதவிகளும் ஹிட்லரிடம் சேர்ந்தன. குடியரசுத் தலைவரின் உரிமைகளைத் தொடக் கூடாது என்ற அதிகாரமளிப்புச் சட்டத்தின் வரம்பும் இதனால் மீறப்பட்டது. படையினர் நாட்டின் பெயராலன்றி ஹிட்லரின் பெயரால் உறுதிமொழி எடுத்தனர். வைமார் அரசியலமைப்பு முறைப்படி ஒருபோதும் நீக்கப்படவில்லை. அது ஏட்டில் மட்டும் எஞ்சியிருந்தது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இத்தாலியில் பெனிட்டோ முசோலினி ஆட்சிக்கு வந்த முறை இதனுடன் பெரிதும் ஒத்தது. 1921 தேர்தலில் 535 இடங்களுள் பாசிசக் கட்சியினர் பெற்றவை 35 மட்டுமே. 1922 அக்டோபரில் அவர்கள் ரோம் நோக்கி அணிவகுத்தபோது, அமைச்சரவை அணியமாக்கிய இராணுவச் சட்ட ஆணையில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்து, முசோலினியையே அரசு அமைக்க அழைத்தார். 1923 இல் இயற்றப்பட்ட அச்செர்போ சட்டம், குறைந்தது 25 விழுக்காடு பெற்று முதலிடம் பெறும் பட்டியலுக்கு மூன்றில் இரு பங்கு இடங்களை அளித்தது. 1924 தேர்தல் முறைகேடுகளை அவையில் எடுத்துரைத்த ஜாகோமோ மத்தேயொட்டி சில நாட்களில் கடத்திக் கொல்லப்பட்டார். 1926 இல் எதிர்க்கட்சிகள் தடை செய்யப்பட்டன. வாழ்வின் எல்லாத் துறைகளையும் ஆளும் ஆட்சி என்ற பொருளில் இத்தாலியின் ஆட்சிமுறையைக் குறிக்கும் சொல்லை 1923 இல் முதலில் பயன்படுத்தியவர் அதன் எதிர்ப்பாளரான ஜொவானி அமெந்தோலா ஆவார். பின்னர் முசோலினி அதையே பெருமையாக ஏற்றுக் கொண்டார்.

சோவியத் ஒன்றியத்தின் பாதை வேறானது. அங்கு 1917 புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பின் ஒரு கட்சி ஆட்சி ஏற்கெனவே நிலவியது. 1922 இல் கட்சியின் பொதுச் செயலாளரான ஜோசப் ஸ்டாலின், பதவி நியமனங்களின் மீதான தம் பிடியைப் பயன்படுத்தி, லெனின் இறந்த 1924 க்குப் பின் போட்டியாளர்களை ஒவ்வொருவராக அகற்றினார். இங்கு வீழ்த்தப்பட வேண்டிய நாடாளுமன்ற மக்களாட்சி இருக்கவில்லை.

காரணங்கள் குறித்த கருத்துகள்

வெர்சாய் உடன்படிக்கை, பணவீக்கம், பெருமந்தம், அரசியலமைப்பின் குறைபாடுகள், படைத்துறை மற்றும் நிலவுடைமையாளரின் குடியரசு வெறுப்பு, இடதுசாரிப் பிளவு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனியாக வீழ்ச்சியை விளக்கப் போதுமானதன்று. பெருமந்தம் அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் தாக்கியது. ஆயினும் அங்கு மக்களாட்சி நிலைத்தது. வரலாற்றாய்வாளர் கார்ல் டீட்ரிக் பிராகர் 1955 இல் வெளியிட்ட ஆய்வு, 1930 முதலே அதிகாரம் நாடாளுமன்றத்திலிருந்து விலகியதை விரிவாக ஆராய்ந்தது. நாட்சிகளின் வலிமையுடன், அவர்களைத் தடுக்க வேண்டியவர்கள் தம் அதிகாரத்தைக் கைவிட்டதும் சேர்ந்தே இம்முடிவைத் தந்தது என்பது இவ்வகை ஆய்வுகளின் சாரம் எனலாம்.

பிற்கால அரசியலமைப்புகளில் தாக்கம்

1949 மே 23 இல் அறிவிக்கப்பட்ட மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் வைமார் பட்டறிவை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் குறைக்கப்பட்டன. 67 ஆம் பிரிவின்படி, மாற்றுச் சான்சலரைப் பெரும்பான்மையால் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை நாடாளுமன்றம் நீக்க முடியும். 79 ஆம் பிரிவின்படி, மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகியவற்றின் அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது.

இந்திய அரசியலமைப்பில் நெருக்கடி நிலையின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வைமார் அரசியலமைப்பைப் பின்பற்றியது எனக் கூறப்படுவது வழக்கம். 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய மன்றத்தில் இப்பிரிவுகள் விவாதிக்கப்பட்டபோது, எச். வி. காமத் வைமாரின் முடிவை நினைவூட்டிக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். எனினும் பிரிவுகள் ஏற்கப்பட்டன. 1975 முதல் 1977 வரை இந்தியாவில் நிலவிய நெருக்கடி நிலைக்குப் பின், 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தம், உயிர் வாழும் உரிமையையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21 ஆம் பிரிவையும், குற்றத் தண்டனை தொடர்பான 20 ஆம் பிரிவையும் நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க இயலாதவாறு செய்தது. நிகழ்ந்த பின் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு எவரையும் தண்டிக்கக் கூடாது என்பது இந்த 20 ஆம் பிரிவின் முதல் விதியாகும்.